வாசகர் கேள்வி–பதில்: கணினியில் அச்சுக்கோக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கணினி அச்சுக்கோப்பு வேலை குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஒன்பதை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் சொல்கிறேன். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து (எழுத்துகளைப் பிரித்து வைக்கும் பெட்டி) பொறுக்கி ஸ்டிக்கில் (வரியாகக் கோக்கும் கைச்சட்டம்) கோத்த காலத்தில் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக்கோப்பவனாக, நுழைந்து, பிறகு கணினிக்கு மாறியவன் நான். ஆகையால் பதில்களில் பழைய அச்சகத்தின் மை வாடை கொஞ்சம் வீசும்; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ('அச்சுக்கோர்ப்பு' என்று எழுதாமல் 'அச்சுக்கோப்பு' என்று எழுதுவானேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோத்தான், கோத்த, கோப்பு என்று வருவதே மரபு. இடையில் 'ர்' நுழைந்தது பேச்சு வழக்கினால்.)

பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்வு தேறியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கணினி மையத்தில் மூன்று மாதத்தில் பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் மூன்றையும் கற்றுக்கொடுத்து டி.டி.பி. (டெஸ்க்டாப் பப்ளிஷிங், கணினியில் பக்கம் அமைத்தல்) சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள். வேலை கிடைக்க அது போதுமா ஐயா? — வாசகி, திருவாரூர்

மென்பொருளின் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள மூன்று மாதம் போதும்; வேலைக்கு அது போதாது. அச்சகத்துக்கோ பதிப்பகத்துக்கோ வேலை கேட்டுப் போனால் பெரும்பாலும் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள். கையெழுத்துப் பிரதியில் இரண்டு தாளை உருவிக் கொடுத்து, "இதை அடித்து டெமி 1/8 அளவில் பக்கம் கட்டிக் காட்டுங்கள்" என்பார்கள் (டெமி 1/8 என்பது வழக்கமான ஒரு புத்தக அளவு). அந்தத் தாளில் வேண்டுமென்றே எல்லா வில்லங்கமும் இருக்கும். ஓரத்தில் அம்புக்குறி போட்டுச் செருகிய வரி, நான்கு அடிப் பாடல் ஒன்று, ஓர் அடிக்குறிப்பு, நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், மங்கலாக ஓர் ஆண்டு. நீங்கள் எத்தனை நிமிடத்தில் அடித்தீர்கள் என்பதைவிட, பாடலின் அடிகளை மூலத்தில் உள்ளபடியே மடக்கினீர்களா, மங்கலான ஆண்டை ஊகித்து அடித்துவிட்டீர்களா அல்லது குறிப்பிட்டுக் கேட்டீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். நான் ஆள் எடுத்த காலத்தில், எழுந்து வந்து "ஐயா, இது 1936-ஆ, 1986-ஆ?" என்று கேட்டவரை அந்த இடத்திலேயே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

மென்பொருள் விஷயத்துக்கு வருவோம். மேசைக்கணினியில் பக்கம் கட்டும் வழக்கத்தைப் பரப்பியது 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர். பிறகு அது அடோபியின் கைக்கு வந்து, 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஒருங்குறியில் (யூனிகோடில்) அமைந்த தமிழ் அதில் நடக்காது. இருந்தும் பழைய கோப்புகளும் பழைய எழுத்துருக்களும் அதிலேயே கிடப்பதால் சிறிய அச்சகங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது; திறந்து திருத்தத் தெரிந்தால் போதும். புத்தகமும் பத்திரிகையும் கட்டுவதற்கு இன்டிசைன் கற்றுக்கொள்ளுங்கள். அழைப்பிதழ், துண்டறிக்கை, விசிட்டிங் கார்டு, பலகை இவற்றுக்கெல்லாம் நம் ஊரில் கோரல்டிராதான். படங்களைச் சீர்செய்ய ஃபோட்டோஷாப். காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் பழகலாம். இப்போதைய பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது.

இவை எல்லாவற்றிலும் முதலில் கற்க வேண்டியது ஸ்டைல் போடுவது, அதாவது எழுத்தின் அளவு, இடைவெளி முதலியவற்றை ஒரு பெயரில் சேமித்து வைப்பது. தலைப்பு, உள்தலைப்பு, பத்தி, பாடல், அடிக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரா ஸ்டைல் அமைத்து, பக்க எண்ணையும் தொடர்தலைப்பையும் (பக்கந்தோறும் தலையில் வரும் தலைப்பு) மாஸ்டர் பக்கத்தில் (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மாதிரிப் பக்கம்) வைக்க வேண்டும். மையத்தில் கற்றுவந்தவர்கள் பலர் தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பேஸ் பாரைப் பன்னிரண்டு முறை தட்டுகிறார்கள். பத்திகளுக்கு இடையே என்டர் தட்டி இடம் விடுகிறார்கள். 240 பக்கப் புத்தகம் முடிந்தபின், எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கிறது, 11 புள்ளியை (பாயின்ட், எழுத்தளவின் அலகு) 10.5 ஆக்குங்கள் என்று பதிப்பாளர் சொல்லும் நாளில் இதன் பலன் தெரியும். ஸ்டைல் போட்டவர் ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டிச் சரிபார்ப்பார். ஸ்பேஸ் பார்க்காரர் இரண்டு நாள் கண்ணீர் விடுவார்.

வரி இடைவெளியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்குப் பொருந்துவது தமிழுக்குப் பொருந்தாது. மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகர ஊகாரக் கால்களும் நீட்டிக்கொண்டிருப்பதால் நம் எழுத்துக்கு மூச்சு விட இடம் வேண்டும். 11 புள்ளி எழுத்துக்கு நான் 14-க்குக் குறைத்து விடுவதில்லை. எழுத்துரு பருமனாக இருந்தால் 15. தாளை மிச்சப்படுத்த வரியை நெருக்கச் சொல்லும் பதிப்பாளரிடம் அச்செடுத்த ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்வேன்.

பி.ஏ. தமிழைச் சாதாரணமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், சகோதரி. உங்கள் ஊரில் மூன்று மாத வகுப்பு முடித்தவர் நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒற்று மிகும் இடம் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

டைப்ரைட்டர் விசைப்பலகை கற்பதா, தமிழ்99 கற்பதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். — கல்லூரி மாணவர், திருச்சி

இதுவரை எதையும் கற்றிராவிட்டால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும்; ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. இந்த வசதியே சில சொற்களில் இடறும். 'பப்பாளி' அடிக்கும்போது முதல் ப-வுக்குப் பின் அ-வைத் தட்டாவிட்டால் அதன் தலையிலும் புள்ளி ஏறிவிடும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

டைப்ரைட்டர் முறை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பது. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதியவர்களுக்கு இது விரலில் ஊறிப்போயிருக்கும். அவர்கள் மாற வேண்டிய தேவை இல்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற கருவிகளில் டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்துகொண்டு அடித்தாலும் வெளியே வருவது ஒருங்குறியாகவே இருக்கும். ஆகவே எந்த விசைப்பலகை என்பது விரல் சம்பந்தப்பட்டது, எந்தக் குறியேற்றம் (எழுத்தைக் கணினி எந்த எண்ணாகப் பதிகிறது) என்பது கோப்பு சம்பந்தப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறை மட்டும் இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. கடிதம் எழுத அது போதும். நாளைக்கு முப்பது பக்கம் அடிப்பவருக்கு விரலும் நோகும்; ந, ன, ண மூன்றிலும் தடுமாற்றமும் வரும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறேன். இப்போது பதிப்பகங்கள் யூனிகோடில் கேட்கின்றன. எழுத்துரு மாற்றியில் (பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மென்பொருள்) போட்டு மாற்றினால் எங்கெங்கோ பிழை வருகிறது. என் தலைமுறையை வெளியே தள்ளவே இதெல்லாம் செய்கிறார்களோ என்று தோன்றுகிறது. — டி.டி.பி. ஆபரேட்டர், மதுரை

அண்ணே, உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. ஆனால் பாமினியில் நீங்கள் அடித்தது கணினியின் பார்வையில் ஒருபோதும் தமிழாக இருந்ததில்லை. 'தமிழ்' என்று நீங்கள் அடிக்கும்போது கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின் மேல் பாமினி எழுத்துரு தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலக் குப்பை. ஒருங்குறியில் அப்படி இல்லை. த-வுக்கு என்று உலகம் முழுவதும் ஒரே எண். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. மின்னூலாக்கவும் இணையத்தில் தேடவும் கைப்பேசியில் படிக்கவும் இது இல்லாமல் முடியாது என்பதால்தான் பதிப்பகங்கள் கேட்கின்றன.

மாற்றும்போது வரும் பிழைகள் எங்கெங்கோ வருவதில்லை. குறிப்பிட்ட சில இடங்களில்தான் வரும். அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலாவது ஔகாரம். பாமினியில் 'கௌ' அடிக்கக் கொம்பும் க-வும் ள-வும் தட்டுவீர்கள். 'கெள' அடிக்கவும் அதையேதான் தட்டுவீர்கள். மாற்றிக்கு இரண்டும் ஒன்று. அதனால் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்றும், 'தெளிவு' என்பது 'தௌிவு' என்றும் மாறி வரும். சில எழுத்துருக்களில் அச்செடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. தேடும்போதுதான் அகப்படாமல் போகும். மறுபக்கம், 'ஔவையார்' என்பது ஒ-வும் ள-வும் சேர்ந்த 'ஒளவையார்' ஆகிவிடும். இதற்கு வழி எளியது. மாற்றியபின் ஔகாரக் குறி வரும் இடங்களை எல்லாம் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். மௌனம், கௌரவம், பௌர்ணமி, வௌவால், சௌகரியம் என்று உண்மையான ஔகாரச் சொற்கள் தமிழில் கொஞ்சமே. மற்றவை எல்லாம் பிழை. பிறகு 'ஒள' என்று தேடுங்கள். ஒளி, ஒளிந்து, ஒள்ளிய போன்றவை போக மிஞ்சுவது ஔவையாராக இருக்கும்.

இரண்டாவது, பத்திக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல். மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. 'புக்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்தையும் பாமினியாகப் படித்து 'டிழழம' என்று அழகாகத் தமிழாக்கித் தரும். மின்னஞ்சல் முகவரிகளின் கதி இன்னும் மோசம். மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலப் பகுதிகளைத் தனியாக எடுத்து வைத்து, இடத்தில் ஓர் எண்ணைக் குறித்துவைத்து, பிறகு திரும்பச் சேர்ப்பதே நான் கண்ட வழி.

இன்டிசைனுக்கு வந்தபின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்துகொண்டால் சரியாகிவிடும். அதைப் பாரா ஸ்டைலிலேயே வைத்துவிட்டால் மறுபடி நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் தலைமுறையை யாரும் தள்ளவில்லை. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று பழைய குறியேற்றங்களில் கிடக்கும் ஆயிரக்கணக்கான புத்தகங்களை மறுபதிப்புக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் எந்தப் பிழை வரும் என்று கையால் அறிந்தவர் நீங்கள்தான்.

பத்தாம் வகுப்பு முடித்த தம்பிக்கு முறையான படிப்பு ஏதாவது உண்டா? — வாசகர், விழுப்புரம்

உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடத்திட்டத்தில் டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர் என்னும் ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. அருகில் எந்த நிலையத்தில் அது நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அச்சுத்தொழில் முழுவதையும் கற்க விரும்பினால் சென்னை தரமணியில் உள்ள அச்சுத்தொழில்நுட்பப் பயிலகத்தில் பட்டயப் படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பொறியியலாகவே படிக்க, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் சிப்பத் தொழில்நுட்பம் என்னும் துறை உண்டு. சேர்க்கை விவரங்களை அந்தந்த நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்துக் கொடுப்பதுதானே எங்கள் வேலை? புரூஃப் (பிழை திருத்துவதற்கான படி) பார்க்க வேறு ஆள் இருக்கும்போது ஆபரேட்டருக்கு இலக்கணம் எதற்கு? — ஆபரேட்டர், ஈரோடு

உங்கள் ஊரில் புரூஃப் பார்க்கத் தனி ஆள் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பெரும்பாலான அச்சகங்களில் வாடிக்கையாளரே புரூஃப் பார்க்கிறார். அவர் தம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு ஓ.கே. என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

என் கதையைக் கேளுங்கள். ஓர் அச்சகத்தில் இருந்தபோது புதுமனை புகுவிழா அழைப்பிதழ் ஒன்று அவசரமாக வந்தது. முந்தைய நாள் செய்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே பெயர், நாள், இடம் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். ஐந்நூறு அட்டை அச்சாகி, வீட்டுக்காரர் கடையிலேயே நின்று வாசித்தார். கடைசி வரியில் "மணமக்களை வாழ்த்தியருள அன்புடன் அழைக்கிறோம்" என்று இருந்தது. அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அவர் சிரித்துவிட்டார், முதலாளி சிரிக்கவில்லை. அட்டைக்கான காசு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. அடித்ததை நான் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று முதல் புதிய வேலையை வெற்றுக் கோப்பில்தான் தொடங்குகிறேன். அழைப்பிதழ் என்றால் தேதியையும் கிழமையையும் நாட்காட்டியில் ஒப்பிட்டுப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றில் ஒன்று இடிக்கும் பத்திரிகைகள் எத்தனை வந்தன என்று கணக்கு வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பியிருக்கும்.

இலக்கணத்துக்கு வருகிறேன். 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் கடை. நடுவில் உள்ள ஒற்றை விட்டு 'கீரை கடை' என்று பலகை வைத்தால், மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்லிக் கட்டளையிடுவதாக ஆகிவிடும். அரை, அறை, மனம், மணம், இவை தெரியாமல் பத்திரிகை அடித்தால் மணமகன் மனமகன் ஆகிவிடுவான். தொல்காப்பியம் கேட்கவில்லை, எட்டாம் வகுப்புப் பாடநூலில் உள்ள வல்லினம் மிகும் இடங்களை நன்றாகப் படித்தாலே போதும்.

பக்கம் கட்டுகிறவருக்கு மட்டும் உரிய இலக்கணம் ஒன்று உண்டு. அதைப் புரூஃப் பார்ப்பவர் சொல்லித் தர மாட்டார். அது வரி முடிவில் சொல்லை உடைப்பது. நம் சொற்கள் நீளமானவை. பத்திரிகையின் குறுகிய பத்தியில் 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' வந்து விழுந்தால் ஒரு வரியையே விழுங்கிவிடும். உடைக்காவிட்டால் மேல் வரியில் மூன்று சொல் மட்டும் இருந்து, நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும். ஆகையால் உடைத்தே தீர வேண்டும். புள்ளி வைத்த எழுத்து எந்த வரியின் தொடக்கத்திலும் வரக் கூடாது. 'பெருமக்கள்' என்பதை 'பெருமக்' என்று மேலும் 'கள்' என்று கீழும் வைக்கலாம். 'பெரும' என்று நிறுத்திவிட்டு அடுத்த வரியை 'க்கள்' என்று தொடங்கக் கூடாது. ஒற்றை எழுத்தை மட்டும் மேலேயோ கீழேயோ அனாதையாக விடக் கூடாது. உடைந்த துண்டு வேறு பொருள் தரக் கூடாது. 'பல்கலைக்கழகம்' என்பதை உடைத்து 'பல்' என்பதை மேல் வரியில் விட்டால், துணைவேந்தர் செய்தியில் பல் வைத்தியம் எங்கே வந்தது என்று வாசகர் ஒரு கணம் திகைப்பார். 'பல்கலைக்' என்று விட்டால் பழுதில்லை. மென்பொருள் தானாக உடைக்கும் இடங்களை நம்பிவிடாமல் கண்ணால் ஒருமுறை வலது ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். பக்கத்துக்கு அரை நிமிடம் ஆகும்.

நான் வடிவமைத்துத் தரும் துண்டறிக்கைகள் திரையில் நன்றாக இருக்கின்றன. அச்சில் சிறிய எழுத்துகள் மங்கி, ஓரத்தில் நிறம் கசிந்தாற்போல் வருகின்றன. அச்சகத்தார் என்னைக் குறை சொல்கிறார்கள். நான் அவர்களைச் சொல்கிறேன். — வடிவமைப்பாளர், கோவை

இந்தத் தடவை அச்சகத்தார் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். திரைக்கான நிறத்தில் கறுப்பை வைத்து அடித்துவிட்டு, கடைசியில் மொத்தமாக நான்கு வண்ணத்துக்கு மாற்றியிருப்பீர்கள். அப்போது கறுப்பு எழுத்து வெறும் கறுப்பாக இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் கலந்த கறுப்பாகப் போய்விடும். நிறத்துக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் (அச்சுத்தகடும்) ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் எழுத்து துல்லியமாக இருக்கும். 8 புள்ளி எழுத்தில் பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலும் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். உரைக்கு எப்போதும் கறுப்பு 100 விழுக்காடு, மற்ற மூன்றும் சுழியம். பி.டி.எஃப். எடுத்தபின் வண்ணப் பிரிவுக் காட்சியில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் சரி. ஆவி போல ஏதாவது மிஞ்சினால் தவறு.

அதே கையோடு மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். ஓரம் வரை நிறம் போனால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டிவிட வேண்டும். படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தால் சுருங்கித்தான் வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துருவை பி.டி.எஃப்.-இலேயே பதித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அச்சகத்துக் கணினியில் அதே பெயருள்ள வேறொரு பதிப்பு இருந்து, புள்ளிகள் எல்லாம் இடம் மாறிப்போகும்.

புத்தகம் என்றால் பாரக் கணக்கும் தெரிய வேண்டும். 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) என்று ஓட்டும் இடத்தில் 163 பக்கத்தோடு போய் நின்றால், மூன்று பக்கத்துக்காகத் தனியே ஓட்ட வேண்டும் அல்லது தாள் வீணாகும். வரியை எங்கே இழுத்து எங்கே சுருக்கினால் 160-க்குள் அடங்கும் என்று பதிப்பாளருக்குச் சொல்லத் தெரிந்தவரை அவர் வேறிடம் போக விட மாட்டார். அட்டையின் முதுகு அகலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வதைவிட, அதே தாளில் அதே எண்ணிக்கையில் வெற்று டம்மி ஒன்று கட்டித் தரச் சொல்லி ஸ்கேல் வைத்து அளப்பது நல்லது.

புதுச்சேரியில் சில நிறுவனங்கள் லேடெக் (கணிதப் பக்கங்களை அமைக்க உதவும் மென்பொருள்) தெரிந்தவர்களை அச்சுக்கோப்புக்கு எடுக்கிறார்கள். பி.எஸ்சி. கணிதம் படித்த எனக்கு அது ஒத்துவருமா? — வாசகி, கடலூர்

நன்றாகவே ஒத்துவரும். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் பக்கம் அமைத்துத் தரும் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் பல ஆண்டுகளாக நடக்கிறது. லேடெக்கின் அடிப்படையான டெக் என்னும் மென்பொருளை உருவாக்கியவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் நூத். தம் புத்தகத்தின் மறுபதிப்புக்கான புரூஃப் 1977-இல் கைக்கு வந்தபோது, அதில் எழுத்தும் சமன்பாடுகளும் இருந்த அவலட்சணத்தைப் பொறுக்க முடியாமல் தாமே ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். புரூஃபைப் பார்த்துக் கோபப்பட்ட ஆசிரியர்கள் நமக்கும் நிறையப் பேர் வாய்த்திருக்கிறார்கள். மென்பொருள் எழுதியவர் அவர் ஒருவர்தான்.

அந்த மென்பொருள் இலவசம். உங்கள் கல்லூரிப் பாடநூலில் பத்துப் பக்கத்தை அப்படியே அதில் அமைத்துப் பழகுங்கள். மாறியைக் குறிக்கும் எக்ஸ் சாய்வெழுத்திலும், சைன், லாக் போன்றவை நேரெழுத்திலும் வர வேண்டும் என்பதும், சொல்லை இணைக்கும் சிறுகோடு, '10 முதல் 15 வரை' என்பதற்கான நடுக்கோடு, கழித்தல் குறி மூன்றும் வேறு வேறு என்பதும் கண்ணில் படிய வேண்டும். கணிதம் படித்தவருக்கு, சமன்பாட்டில் அடைப்புக்குறி ஒன்று குறைந்தால் உறுத்தும், மற்றவருக்கு உறுத்தாது. அதோடு ஆங்கில வாசிப்பும் எக்ஸ்.எம்.எல். (உரையின் பகுதிகளைக் குறியிட்டுக் காட்டும் முறை) அடிப்படையும் வேண்டும். கெடுவுக்குள் முடிக்க வேண்டிய, ஷிப்டு முறை வேலை என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

பேசினாலே கைப்பேசி தட்டச்சு செய்துவிடுகிறது. படம் எடுத்தால் எழுத்தாக மாறிவிடுகிறது. இனி இந்தத் தொழில் நிற்குமா? — வாசகர், சேலம்

கையெழுத்துப் பிரதியைத் தட்டி மட்டும் கொடுக்கும் வேலை குறைந்துகொண்டே வருகிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் பேசிப் பெற்ற மேட்டரில் நிறுத்தக்குறியை நம்ப முடியாது. 'அரை' எது, 'அறை' எது என்று யாரோ பார்க்க வேண்டும். படத்திலிருந்து எழுத்தெடுக்கும் கருவி புதிய புத்தகத்தில் நன்றாகவே செய்கிறது. 1978-க்கு முந்தைய புத்தகங்களில் லை, னை, ணா, றா போன்றவை பழைய உருவத்தில், யானைத் துதிக்கை போலச் சுழித்துக்கொண்டு இருக்கும். அங்கே அது தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். தட்டுகிறவருக்கு வேலை குறைகிறது. சரிபார்த்துப் பக்கம் கட்டுகிறவருக்குக் கூடுகிறது. கூலியும் அதற்கேற்ப மாறுமா என்பது வேறு கேள்வி. இதுவரை மாறவில்லை என்பதே என் வருத்தம்.

கைக்குழந்தை இருப்பதால் வீட்டிலிருந்தே பக்கம் அமைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கூலி எப்படிப் பேசுவது? — வாசகி, நாகர்கோவில்

பக்கத்துக்கு இவ்வளவு என்பதுதான் வழக்கம். ஆனால் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். டெமி 1/8 பக்கமும் ஏ4 பக்கமும் ஒன்றல்ல. 10 புள்ளியில் நெருக்கி அடித்த பக்கமும் 12 புள்ளியில் அடித்ததும் ஒன்றல்ல. அட்டவணை, கணக்கு, சுவடிப் பாடல் இவற்றுக்குத் தனிக் கூலி. எத்தனை புரூஃப் தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மூன்று என்பது நியாயமானது. உங்கள் பிழையைத் திருத்தக் காசு வாங்காதீர்கள். இரண்டாம் புரூஃபில் ஆசிரியர் புதிதாக நான்கு பக்கம் எழுதிச் சேர்த்தால் அதற்கு வாங்கத் தயங்காதீர்கள். நம் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தெரிந்தவர், பெரியவர் என்று விட்டுவிடுகிறார்கள்.

கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும்; 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று வைத்துக்கொண்டு எதை அச்சகத்துக்கு அனுப்பினோம் என்று தெரியாமல் விழிக்காதீர்கள். நாள்தோறும் இன்னொரு வட்டிலும் நகல் எடுத்து வையுங்கள். கடைசிப் புரூஃபில் ஒவ்வொரு தாளிலும் ஆசிரியரின் கையெழுத்தை வாங்கி, புத்தகம் வெளியாகிக் கூலி கைக்கு வரும்வரை அந்தத் தாள்களைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.